காபியில் பம்ப்கின் பட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பம்ப்கின் பட்டர் காய்ச்சி, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குப்பி கொடுத்தேன். ‘ரொட்டியில் தடவலாம், காபியிலும் போடலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்ததுதான் தவறு. அன்றிலிருந்து போனில் ஒரே சந்தேகம்: கட்டி தட்டுகிறது, அடியில் தங்குகிறது, பால் திரிகிறது. எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பம்ப்கின் பட்டர்னா அதுல வெண்ணெய் இருக்கா?

இல்லை. ஒரு சொட்டு வெண்ணெய்கூடக் கிடையாது. பூசணியை வேகவைத்து மசித்து, சர்க்கரை, பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு சேர்த்து, ஜாமைவிடக் கொஞ்சம் இளகலாக வரும்வரை சுண்டக் காய்ச்சினால் அதுதான் பம்ப்கின் பட்டர். வெண்ணெய் மாதிரி வழவழப்பாகத் தடவ வருவதால் அந்தப் பெயர். ஆப்பிளில் செய்யும் ஆப்பிள் பட்டரும் இப்படித்தான். ஆகவே பால் பொருள் சாப்பிடாதவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். கடையில் வாங்குவதானால் மட்டும் லேபிளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எந்தப் பூசணி? வெள்ளைப் பூசணியில செய்யலாமா?

மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய். வெண்பூசணி வேறு இனம். பெரும்பாலும் தண்ணீர்தான், காபிக்குக் கொடுக்க அதனிடம் நிறமும் இல்லை, மணமும் இல்லை. பரங்கியிலும் பெரிதாக, நார் நாராக இருப்பதைவிடச் சிறியதாக, சதை அடர்த்தியாக, உள்ளே நல்ல ஆரஞ்சு நிறமாக இருப்பது மேல்.

கடையில விக்கிற பம்ப்கின் ஸ்பைஸ் சிரப்பும் இதுவும் ஒண்ணுதானே?

இங்கேதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. சிரப் என்பது சர்க்கரைத் தண்ணீர். ஊற்றிய உடனே காபியில் கரைந்து காணாமல் போய்விடும். பம்ப்கின் பட்டரில் இருப்பது பூசணியின் சதை. அதிலுள்ள சர்க்கரை கரையும், நார் கரையாது, மசாலாத் தூளும் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் அவை காபிக்குள் துகளாகவேதான் இருக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும்.

இன்னொன்று. ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்ற பெயர் பூசணிக்குப் போடும் மசாலாவைத்தான் குறிக்கிறது. ஸ்டார்பக்ஸ் 2003இல் கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்ற பால் காபியில் 2015 வரை பூசணியே கிடையாது. அதன் ருசியை எதிர்பார்த்துப் பம்ப்கின் பட்டரைப் போட்டால் ‘என்ன இது, காய் வாசனை வருகிறதே’ என்றுதான் தோன்றும். வரத்தான் செய்யும், காய் போட்டிருக்கிறோமே!

ஒரு கப்புக்கு எவ்வளவு போடணும்?

200 மி.லி. காபிக்கு முதல் தடவை 2 தேக்கரண்டி. பிடித்திருந்தால் அடுத்த தடவை 1 மேசைக்கரண்டி, அதாவது 3 தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் காபி கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

சர்க்கரையைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே போடுங்கள். கீழே நான் சொல்லும் அளவில் காய்ச்சினால் ஒரு மேசைக்கரண்டியிலேயே 6, 7 கிராம் சர்க்கரை இருக்கும், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

கப்புல போட்டு நல்லாத்தான் கலக்கினேன். கட்டி கட்டியா மிதக்குது. என்ன தப்பு?

வரிசைதான் தப்பு. நிறையக் காபியில் கொஞ்சம் விழுதைப் போட்டால் அது உருண்டையாகவே சுற்றிக்கொண்டிருக்கும், கரண்டிக்குச் சிக்காது. மாற்றிச் செய்யுங்கள். காலிக் கப்பில் முதலில் பம்ப்கின் பட்டர். அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சூடான கருங்காபி. இதைக் கரண்டியின் பின்புறத்தால் கப்பின் சுவரோடு வைத்துத் தேயுங்கள். முதலில் திட்டுத் திட்டாகத் தெரியும், பத்துப் பதினைந்து முறை தேய்த்ததும் தளர்ந்து, பளபளவென்று ஒரே நிறமான குழம்பாகிவிடும். அதன் பிறகு மீதிக் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மாவில் கட்டி தட்டாமல் இருக்க முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைவோம் இல்லையா, அதே கதை.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டாலும் கட்டி உடையாமல் நிற்கும். பத்து நிமிடம் வெளியே வைத்திருந்து போடுங்கள்.

மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கொதிக்கும் காபியை மூடிய மிக்ஸியில் போடவே போடாதீர்கள். உள்ளே ஆவி விரிந்து மூடியைத் தூக்கி எறியும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சமையலறைக் கூரையில் இன்னும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருக்கிறது. கையால் பிடித்து அடிக்கும் சின்ன பிளெண்டரோ, பால் நுரைக்கப் பாட்டரியில் ஓடும் ஃபிராதரோ போதும்.

கடைசி மடக்குல மணல் மாதிரி வருதே?

அது பட்டைத் தூளும் கிராம்புத் தூளும். கரையாதவை என்று மேலே சொன்னேனே, அவை மெல்ல அடியில் தங்கும். பட்டைத் தூள் சூடான தண்ணீரில் ஊறினால் வழவழவென்றும் ஆகும், சிலருக்கு அது மணலைவிடவும் பிடிக்காது.

வழிகள் மூன்று. மேலே சொன்ன குழம்பை மெல்லிய கண் உள்ள வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தித் தேய்த்து இறக்கலாம். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் தூளுக்குப் பதில் முழுப் பட்டையையும் கிராம்பையும் போட்டுக் காய்ச்சி, இறக்கும்போது எடுத்துவிடலாம். மூன்றாவது வழி நான் செய்வது: குடிக்கும்போது நடுநடுவே கரண்டியால் ஒரு சுற்று, கடைசி மடக்கைக் கப்பிலேயே விட்டுவிடுவது.

பால் ஊத்தினதும் திரிஞ்சு போச்சு. பால் கெட்டுப் போனதா?

முதலில் அது திரிந்த பால்தானா என்று பாருங்கள். மிதப்பதில் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்குங்கள். மசிந்து காணாமல் போனால் பூசணி நார். ரப்பர் மாதிரி நழுவினால் பால் திரிந்திருக்கிறது. என்னிடம் ‘திரிந்துவிட்டது’ என்று வந்தவர்களில் பலருக்கு அது வெறும் நார்தான், கட்டி தட்டிய கேள்விக்கான பதிலே அவர்களுக்கும்.

நிஜமாகவே திரிந்திருந்தால் காரணம் புளிப்பும் சூடும் ஒன்று சேர்ந்தது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அருகில் வரும்போது திரளும். கருங்காபியின் பி.எச். பொதுவாக 5ஐ ஒட்டி இருக்கும், விளிம்புக்குப் பக்கத்தில்தான். பம்ப்கின் பட்டரில் எலுமிச்சைச் சாறோ ஆப்பிள் சாறோ சேர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பால் ஓரிரண்டு நாள் பழையது என்றால் அதிலும் புளிப்பு ஏறியிருக்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பால் கடைசியில்தான் வரவேண்டும். விழுதைக் காபியில் கலந்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மிதமான சூட்டிலுள்ள புதிய பாலைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். பம்ப்கின் பட்டரைப் பாலிலேயே போட்டுக் கொதிக்கவிட வேண்டாம். குடும்பமே ஏமாறும் இன்னொரு இடம் பச்சை இஞ்சி. சுக்குக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். விழுது காய்ச்சும்போதே இஞ்சி சேர்ந்து வெந்திருந்தால் அந்த நொதி செத்துவிடும், பயமில்லை.

ஓட்ஸ் பால், சோயா பால், பாதாம் பால் – எது ஒத்துப்போகும்?

ஓட்ஸ் பால். அதன் இயல்பான இனிப்பும் கொழகொழப்பும் பூசணியோடு நன்றாகச் சேரும். சோயா பால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் திரியும், காரணம் முந்தைய பதிலில் சொன்ன அதே புளிப்பும் சூடும்தான். ‘பாரிஸ்டா’ என்று போட்டு, காபிக்கென்றே விற்பவற்றில் பெரும்பாலும் புளிப்பைச் சமன்செய்யும் உப்பு சேர்த்திருப்பார்கள், அவை தாங்கும். தேங்காய்ப் பாலில் பூசணியின் வாசனை அமுங்கிப்போகிறது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் உண்டு.

ஐஸ் காபில போட்டா அப்படியே அடியில உக்காந்துக்குது.

குளிர்ந்த காபியில் நேராகப் போட்டால் உட்காரத்தான் செய்யும். முதலில் சொன்ன அந்த இரண்டு மேசைக்கரண்டிச் சூடான காபியை இங்கேயும் விடாதீர்கள். அதில் விழுதைத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஐஸ், பிறகு குளிர்ந்த காபி, கடைசியில் பால். எல்லாவற்றையும் மூடியுள்ள குப்பியில் போட்டு இருபது வினாடி குலுக்கினால் இன்னும் நல்லது. ஆறிய பானம் என்பதால் குப்பியைக் குலுக்க எந்தப் பயமும் இல்லை.

குளிரில் இனிப்பும் மசாலாவும் மந்தமாகத்தான் தெரியும். சூடான காபிக்கு 2 தேக்கரண்டி போடுபவர் இதற்கு 3 போடலாம்.

லாட்டே மாதிரி நுரை வரவே மாட்டேங்குது.

விழுதைப் பாலில் கலந்துவிட்டு நுரைக்கப் பார்த்திருப்பீர்கள். நாரும் சர்க்கரையும் சேர்ந்து பாலைக் கனமாக்கிவிடும், குமிழ் நிற்காது. வெறும் பாலைத் தனியாக 60 முதல் 65 டிகிரிக்குள் சூடாக்கி நுரைத்துக்கொள்ளுங்கள். கீழே பூசணிக் காபி, மேலே வெள்ளை நுரை. அதன்மேல் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் துருவினால் மூக்குக்குத்தான் முதல் மடக்கு.

காபித்தூளோட சேர்த்தே ஃபில்டர்ல போட்டுட்டா வேலை மிச்சம்தானே?

வேலை இரட்டிப்பாகும். விழுது கண்களை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காது, இறங்கியதிலும் பூசணி ருசி இருக்காது, எல்லாம் மேலேயே தங்கிவிடும். வலையை அழுத்திக் காபி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸிலும் இதே கதைதான், வலையைக் கழுவித் தீராது.

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோகா பாத்திரத்திலும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்திலும் இது வெறும் வேலை விஷயமில்லை. அவை ஆவி அழுத்தத்திலோ பம்ப் அழுத்தத்திலோ ஓடுபவை. வழி அடைத்தால் அழுத்தம் எங்கே போகும்? காபி தனியாக இறங்கட்டும். பம்ப்கின் பட்டரின் இடம் கப்பு. பால் நுரைக்கும் ஆவிக்குழாயையும் விழுது கலந்த பாலில் முக்காதீர்கள், உள்ளே போய்க் காய்ந்துகொண்டால் எடுப்பது கஷ்டம்.

எந்தக் காபிக்கு நல்லா இருக்கும்? இன்ஸ்டன்ட்டுக்கு ஓகேவா?

ஓகே. தண்ணீரைக் குறைத்து, தூளைக் கொஞ்சம் கூட்டிக் கலக்குங்கள், அவ்வளவுதான். பூசணி காபியின் ருசியை மழுங்கடிக்கும். அதனால் திக்கான டிகாஷன், நடுத்தரமாகவோ அதற்கு மேலோ வறுத்த கொட்டை சரிவரும். பழப் புளிப்புக்காகவே இளவறுப்பில் வாங்கிய விலை உயர்ந்த கொட்டையை இதில் வீணாக்காதீர்கள். அந்தப் புளிப்பு பாலைத் திரிக்கவும் ஒரு கை கொடுக்கும்.

சரி, வீட்டுலயே காய்ச்சுறது எப்படி?

மசித்த பூசணி 425 கிராம், சர்க்கரை 120 கிராம், ஆப்பிள் சாறு 120 மி.லி., பட்டைத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குத் தூள் முக்கால் தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் கால் தேக்கரண்டி, கிராம்புத் தூள் இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. டின்னில் வாங்குவதானால் வெறும் பூசணி மட்டும் உள்ள டின்னைப் பார்த்து வாங்குங்கள். ‘பை ஃபில்லிங்’ என்று போட்டிருப்பதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். காயாக வாங்கினால் தண்ணீரில் வேகவைப்பதைவிட அடுப்பில் சுட்டு எடுப்பது மேல், சுண்டும் நேரம் குறையும்.

அகலமான, அடி கனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டுக் குறைந்த தீயில் வையுங்கள். முதல் கால் மணி நேரம் சும்மா இருக்கும். அப்புறம் குமிழ் விட்டுத் தெறிக்க ஆரம்பிக்கும். சர்க்கரை சேர்ந்த விழுது என்பதால் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளமான கரண்டி, பாதி மூடிய மூடி. மொத்தம் நாற்பது நிமிடம் போல ஆகும். நிறம் ஆரஞ்சிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்கும், கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடாது. ஆறிய தட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கசியாவிட்டால் இறக்கலாம். 400 கிராம், அதாவது இருபது மேசைக்கரண்டி போலத் தேறும்.

காபிக்கென்றே காய்ச்சுவதானால் இறக்கியதும் கையடக்க பிளெண்டரால் இன்னொரு முறை மையாக அடித்துவிடுங்கள். கப்பில் தேய்க்கும் வேலை பாதியாகும்.

கிராம்பு வாசனை மட்டும் தூக்கலா இருக்கு, பூசணியே தெரியல.

கிராம்பு அப்படித்தான், யாரையும் பேச விடாது. அடுத்த முறை பாதியாக்குங்கள். இந்த முறை காய்ச்சியதில் இன்னொரு கிண்ணம் மசித்த பூசணியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மறுபடி சுண்டவையுங்கள். பூசணிக்கென்று பெரிய மணம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது தருவது உடம்பும், மண்வாசனை கலந்த ஒரு மெல்லிய இனிப்பும்.

பாட்டில்ல அடைச்சு, கொதிக்க வச்சு சீல் பண்ணி அலமாரில வைக்கலாமா? ஜாம் வைக்கிறோமே?

கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழ ஜாம் தாங்குவது பழத்தின் புளிப்பால். பூசணி புளிப்பில்லாத காய், அதன் பி.எச். பெரும்பாலும் 4.6க்கு மேல். அந்த நிலையில் காற்றுப் புகாத குப்பிக்குள் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நச்சை உண்டாக்க முடியும். அதன் வித்துக்கள் கொதிநீரில் சாவதில்லை. நச்சு இருப்பது வாசனையிலோ நிறத்திலோ தெரியவும் தெரியாது.

‘பிரஷர் குக்கரில் வைத்தால்?’ என்றும் கேட்டார்கள். மசித்த பூசணி அடர்த்தியானது, காய்க்குக் காய் அந்த அடர்த்தி மாறும். குப்பியின் நடுவரைக்கும் போதிய சூடு போய்ச் சேர்ந்ததா என்று வீட்டில் உறுதிசெய்ய வழியில்லை. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறையே பம்ப்கின் பட்டரை வீட்டில் குப்பியில் அடைத்து வெளியே வைக்க வேண்டாம் என்கிறது. இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றிவிட்டோம் என்பதும் உத்தரவாதம் ஆகாது. கடையில் சீல் போட்டு வருபவை புளிப்பும் சூடும் அளந்து தயாரிக்கப்பட்டவை, அவற்றையும் திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், பத்து நாள். மீதியை ஐஸ் ட்ரேயில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மேசைக்கரண்டியாக நிரப்பி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி, ஒரு கப். முந்தின இரவே கட்டியைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் தயார்.

சர்க்கரை இல்லாம காய்ச்சலாமா?

காய்ச்சலாம். ஆனால் பளபளப்பு வராது, நாள் தாங்காது. மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காமல் உடனே உறையவைத்துவிடுங்கள். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. ருசி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

தினமும் குடிச்சா பட்டை உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

சொல்வதில் விஷயம் இருக்கிறது. கேசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூமரினுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். மேலே சொன்ன அளவில் காய்ச்சினால் ஒரு மேசைக்கரண்டியில் பட்டை 0.2 கிராம் போலத்தான் வரும், அதிலும் கூமரின் ஒரு சிறு பங்குதான், பெரியவர்களுக்கு ஒரு கப் பிரச்சினை இல்லை. நாளுக்கு நான்கைந்து கப் குடிப்பவர்களும், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும் இலங்கைப் பட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். அது மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும், அதில் கூமரின் மிகச் சொற்பம்.

பூசணி சத்தானது என்று சொல்லி யாராவது மூன்றாவது கப்பை நியாயப்படுத்தினால் நம்பாதீர்கள். ஒரு கரண்டிப் பூசணியில் என்ன சத்து வந்துவிடப் போகிறது?

பத்துப் பேர் வர்றாங்க. கப்பு கப்பா தேய்ச்சுக்கிட்டு இருக்க முடியுமா?

முடியாது. பத்துக் கப்புக்கு 200 கிராம் விழுதை ஒரு பாத்திரத்தில் போட்டு, அரை லிட்டர் சூடான டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கம்பியால் அடித்துத் தளர்த்துங்கள். வடிகட்டியில் ஒரு முறை இறக்கி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். ஆட்கள் வந்ததும் ஃபிளாஸ்க்கை ஒரு குலுக்குக் குலுக்கி, கப்புக்கு 120 மி.லி. போலச் சூடான பால், அதோடு 70 மி.லி. போல இந்தக் கலவை. இங்கே மட்டும் பால் முதலில் வருகிறதே என்று கேட்பீர்கள். ஃபிளாஸ்க்கில் இருப்பது ஏற்கெனவே தளர்ந்த கலவை, கொதிநிலையிலிருந்தும் இறங்கியிருக்கும். பால் அளவும் அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த விகிதத்தில் எனக்கு இதுவரை திரிந்ததில்லை. குலுக்க மறந்தால் முதல் ஆளுக்கு வெறும் காபியும் கடைசி ஆளுக்கு வெறும் பூசணியும் போய்ச் சேரும்.